மஞ்சள் எங்கே போச்சு?

“இதுல மஞ்சக் கறை இருந்துச்சே, எங்கத்தா?”

தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை கேட்டது இது. கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலையைப் பாலித்தீன் உறையிலிருந்து எடுத்து, அவர் மடியில் விரித்து வைத்திருந்தேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தை சேலையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முந்தானைப் பக்கம் ஒரு முழத்துக்கு விரலால் தடவித் தடவித் தேடினார். பிறகுதான் அந்தக் கேள்வி. “நல்லா வெளுத்துக் குடுத்திருக்காங்க அத்தை, புதுசு மாதிரி இருக்கு பாருங்க” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சேலையை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். காபி வந்தது, பேச்சு வேறெங்கோ போனது, நானும் காரைக்குடியில் பேருந்து ஏறிவிட்டேன். கேள்வி மட்டும் இறங்கவில்லை. திருச்சி தாண்டியும் அந்த விரல் துணியில் தேடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரக்கு நிறம், கடுகு மஞ்சளில் கட்டம், கரை கைவிரல் நாலையும் சேர்த்து வைத்த அகலம். கையில் எடுத்தால் கனம் தெரியும், உதறினால் சத்தம் கேட்கும், அப்படி ஒரு பருத்தி. அப்பத்தா 2004இல் இறந்தபோது அவளுடைய ட்ரங்குப் பெட்டியை அப்பா பரணில் ஏற்றி வைத்தார். பல வருடம் யாரும் திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு சுருக்குப் பை, காய்ந்து போன வசம்புத் துண்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கண்டாங்கி. நான் அப்பத்தாவை வெள்ளையில் மட்டுமே பார்த்தவள். தாத்தா இறந்தது 1968இல், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. ரவிக்கை இல்லாமல், வெள்ளைச் சேலையின் முந்தானையை மார்பைச் சுற்றி இழுத்து இடுப்பில் செருகியிருப்பாள். ரேஷன் கடையில் கொடுத்த இலவசச் சேலையில் வண்ணம் இருந்ததால் அதைக்கூட அவள் கட்டியதில்லை. அதைத் தூளியாகக் கட்டி என்னை அதில்தான் போட்டிருந்தாளாம். அப்படிப்பட்டவளின் பெட்டிக்குள் அரக்குச் சேலை ஒன்று இருந்தது எனக்கு அவளுடைய இன்னொரு முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது.

பெட்டியிலிருந்து எடுத்த அன்று அது இருந்த கோலத்தை இப்போது நினைவிலிருந்துதான் எழுத முடிகிறது. முந்தானையின் ஒரு மூலை சுருங்கிச் சுருங்கி, முடிச்சை அவிழ்த்த பிறகும் முடிச்சின் வடிவத்திலேயே நின்றது. காசை முடிந்து முடிந்து வைத்த மூலை. இடது இடுப்பு வரும் இடத்தில் இழைகள் தேய்ந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊடே ஜன்னல் கம்பி தெரிந்தது. குடம் உட்கார்ந்த இடம். கீழ்க்கரையோரம் பூராவும் ஒரு சாம்பல் நிறம் ஏறியிருந்தது, வயற்சேறு துவைத்துத் துவைத்தும் போகாமல் தங்கிய நிறம். ஏறக்குறைய நடுவில் கையால் போட்ட ஒரு மூட்டுத் தையல் குறுக்கே ஓடியது. நூல் மட்டும் வேறு நிறம், தையல் மேலும் கீழுமாய்க் கோணியிருந்தது. முந்தானைப் பக்கம் பட்டாணி அளவில் ஓர் ஓட்டை. அடுப்புக் கங்கு தெறித்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தோளும் கழுத்தும் வரும் இடத்தில் மங்கலாக, ஓரம் தெரியாமல் பரவிய ஒரு மஞ்சள். அதைக் கறை என்றுதான் நானும் நினைத்தேன்.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பழைய கண்டாங்கிகளைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அப்படி ஒரு கண்காட்சிக்காகச் சேலை கேட்டு வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், ரசீது எழுதிக் கொடுத்தார்கள், சொன்ன தேதிக்குத் திருப்பியும் தந்தார்கள். “கொஞ்சம் சுத்தம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டார்கள். நான் சரி என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அழுக்குச் சேலையாக அப்பத்தாவின் பெயர் நாலு பேர் முன்னால் நிற்கக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த அக்கறை.

கண்காட்சியில் அது அழகாகத்தான் இருந்தது. கஞ்சி போட்டு விறைப்பாக, மூலைச் சுருக்கம் இஸ்திரியில் போய், மூட்டுத் தையலைப் பிரித்து இயந்திரத்தில் நேர்கோடாகத் தைத்து, ஓட்டையை அதே நிறத்து நூலால் இழையோட்டி மூடியிருந்தார்கள். கறுப்பு ரவிக்கை போட்ட ஒரு பொம்மைக்கு முன்கொசுவம் வைத்துக் கட்டியிருந்தார்கள். கீழே அட்டையில் செட்டிநாட்டுக் கண்டாங்கி, பருத்தி, 1960கள் என்று எழுதியிருந்தது. நான் முப்பது படமாவது எடுத்திருப்பேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை என்பது அத்தை கேட்ட பிறகுதான் உறைத்தது.

கறையோடு வைத்த துணி

ஏழாம் வகுப்பில் மதுரைக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், கடைசியாகக் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959இல் நேரு திறந்து வைத்த இடம். அங்கே 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதுவரை கத்திக்கொண்டே வந்த நாற்பது பிள்ளைகளும் அந்தப் பெட்டிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டோம். யாரும் எங்களை அதட்டவில்லை. துணியில் இருந்த ரத்தக் கறைதான் அதட்டியது. எந்தக் கையாவது அதைச் சுத்தம் பண்ணலாம் என்று நினைக்குமா? கறையை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது எந்தக் கதர்க் கடையிலும் கிடைக்கிற சில கஜம் வெள்ளைத் துணி. கறை ஏன் இருக்க வேண்டும் என்பதை அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அத்தை கேட்ட இரவு பேருந்தில் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. காந்தியின் துணிக்கு ஒரு நியாயம், அப்பத்தாவின் துணிக்கு ஒரு நியாயம் என்று எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு துணியில் நடந்ததை வரலாறு என்றும், இன்னொன்றில் நடந்ததை அழுக்கு என்றும் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் காந்தி அந்த முழங்கால் துணிக்கு வந்து சேர்ந்ததே எங்கள் பக்கத்தில்தான். 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது அதே பெட்டியில் வந்த பயணிகளிடம் கதர் கட்டச் சொல்லிக் கேட்டார். வாங்க வசதியில்லை, விலை அதிகம் என்று அவர்கள் தலையாட்டினார்கள். தான் சட்டை, குல்லாய், முழு வேட்டி என்று உட்கார்ந்திருந்ததையும், நாலு அங்குல அகலக் கோவணத்தோடு கோடிக்கணக்கானவர்கள் வாழ்வதையும் சேர்த்து நினைத்துப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். செப்டம்பர் 22 காலை மேலமாசி வீதி வீட்டு மாடியிலிருந்து இறங்கியபோது அவர் இடுப்பில் அந்தச் சிறிய துணிதான் இருந்தது. அன்றைக்கே காரைக்குடிப் பக்கம் பயணம். காரைக்குடிக்காரர்கள் இதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தக் கோவணத்தை உலகமே தெரிந்துகொண்டது, நல்லது. ஆனால் கோவணம் கட்டிய அந்தச் சம்சாரிக்குப் பக்கத்து வரப்பில் களையெடுத்துக்கொண்டிருந்தவள் என்ன கட்டியிருந்தாள், எப்படிக் கட்டியிருந்தாள், அது கிழிந்தால் என்ன செய்தாள்? இது யாருக்கும் பெரிய கேள்வியாக இருந்ததில்லை. எனக்கும் இருந்ததில்லை.

எப்படிக் கட்டினாள் என்பதை மட்டும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பத்தாவின் தலைமுறை கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டும். முதலில் கொசுவி முதுகுப் பக்கம் இடுப்பில் செருகுவார்கள். கொசுவத்தின் தலை இடுப்புக்கு மேலே விசிறிபோல் விரிந்து நிற்கும். பிறகு சேலை உடம்பைச் சுற்றி வரும், முந்தானை மார்பை மறைத்து இடது தோளேறி, முதுகு வழியாகத் திரும்பி வந்து இடுப்பில் இறுகும். முன்னால் மடிப்பே இராது. கணுக்காலுக்கு மேலே நிற்கும். குனிந்து நாற்று நடுகிறவளுக்குக் காலுக்கிடையில் துணி வந்து தட்டக் கூடாது, சேற்றில் கொசுவம் நனையக் கூடாது, இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் அந்தக் கட்டு வந்திருக்கிறது. அதை முன்கொசுவமாகக் கட்டி நிறுத்தியபோது சேலை அப்படியே இருந்தது, வயல் காணாமல் போயிருந்தது. இதையும் நான் கண்காட்சியில் கவனிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது.

கசக்கிக் கட்ட இன்னொன்று வேண்டும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருப்போம். அந்தப் பழமொழிக்குள் ஒரு சேலை ஒளிந்திருக்கிறது. கசக்கியது காயும்வரை கட்டிக்கொள்ள இன்னொன்று இருந்தால்தான் அது நடக்கும். இல்லாதவள் என்ன செய்வாள்? ஊரணிக் கரையில் பாதிச் சேலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு மறுபாதியை அலசி, அதை வெயிலில் பிடித்துக் காயவைத்து, காய்ந்த பாதியைச் சுற்றிக்கொண்டு நனையாத பாதியை அலசுவாள். இதை அத்தையின் மாமியார் செய்து காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். செய்து காட்டும்போது அவர் சிரித்தார், அத்தை சிரிக்கவில்லை. சம்பாரணில் 1917இல் கஸ்தூர்பா ஒரு பெண்ணிடம் ஏன் துணியைத் துவைத்துக் கட்டுவதில்லை என்று விசாரித்தபோது, அவள் தன் குடிசைக்குள் அழைத்துப் போய், இங்கே பெட்டியோ அலமாரியோ இல்லை, கட்டியிருக்கும் இந்த ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, எப்படித் துவைப்பது, இன்னொன்று வாங்கித் தரச் சொல்லுங்கள் என்றாளாம். பீகாரில் நடந்தது. எங்கள் ஊரணிக் கரையிலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

அப்பத்தாவுக்குக் கல்யாணம் 1945இல். கண்ட்ரோல் காலம். போர் நடந்ததால் 1943இலேயே துணிக்கும் நூலுக்கும் அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. நூல் கிடைக்காமல் தறிகள் சும்மா கிடந்தன. கல்யாணச் சேலைக்காகக் கொள்ளுத் தாத்தா மூன்று நாள் அலைந்த கதையை அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே சொல்வாள். பிறகும் அவளிடம் ஒரே நேரத்தில் மூன்று சேலைக்கு மேல் இருந்ததில்லை. கட்ட ஒன்று, மாற்ற ஒன்று, நல்லது கெட்டதுக்கு ஒன்று.

அந்த மூன்றும் எங்கே போய் முடியும் என்பதுதான் எனக்கு இப்போது விடாமல் தோன்றுகிறது. சேலை நடுவில் நைந்தால் நைந்ததை வெட்டி மூட்டிக் கட்டுவார்கள். அதுவும் தாங்காதபோது மகளுக்குத் தாவணித் துண்டு. பிறகு தூளி. பிறகு தலைச்சுமைக்குச் சும்மாடு. பிறகு மாதவிலக்குக்கு. கடைசியில் பானை இறக்கும் கரித்துணி, அதிலும் மிஞ்சிய கிழிசல் கார்த்திகை விளக்குக்குத் திரி. ஒரு சேலை முழுசாக எரிந்தே முடிகிறது. எங்கள் மாதிரி வீடுகளின் பழைய துணி எந்த அருங்காட்சியகத்திலும் ஏன் இல்லை என்று கேட்டால் இதுதான் பதில். யாரும் தூக்கி எறியவில்லை, கடைசி இழைவரை பயன்படுத்திவிட்டார்கள். பாதுகாக்கப்பட்டவை பெரும்பாலும் கட்டாதவை, பட்டு, சரிகை, விசேஷத்துக்கு வெளியே வந்து மறுபடி மடிந்தவை. அவற்றை வைத்து அந்தக் காலத்துப் பெண்கள் இப்படி உடுத்தினார்கள் என்று எழுதும்போது, கட்டித் தீர்த்தவர்கள் அத்தனை பேரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக் கீழடியில் சுடுமண் தக்களி கிடைத்தது, எலும்பில் செதுக்கிய கூர்முனைக் கருவிகள் கிடைத்தன. 2023இல் திறந்த அங்குள்ள அருங்காட்சியகத்தில் அந்தத் தக்களிகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். நூற்ற கல்லும் மண்ணும் மிஞ்சுகின்றன, நூற்ற நூல் நம் மண்ணில் மிஞ்சுவதில்லை. மண்ணும் ஈரமும் கறையானும் பருத்தியை விட்டு வைக்காது. மிஞ்சியவற்றையும் நாம் எப்படிச் சேர்த்தோம் என்று பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. 1866இல் லண்டனில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டி 18 தொகுதிகளில் ஒட்டினார். 20 பிரதிகள், அவற்றில் 13 பிரிட்டனில் வைத்துக்கொள்ள, 7 இந்தியாவுக்கு. பிரிட்டனின் ஆலை முதலாளிகள் நம் கண்ணுக்குப் பிடித்த துணியை நெய்து நமக்கே விற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. நெசவு தெரிய வேண்டும், கட்டம் தெரிய வேண்டும், கரை அளவு தெரிய வேண்டும். கட்டியிருந்தவளைத் தெரிய வேண்டிய அவசியம் அந்த வேலைக்கு இல்லை. நூற்றைம்பது ஆண்டு கழித்து அப்பத்தாவின் சேலைக்குக் கீழே வைத்த அட்டையிலும் ஊர், துணி, காலம் மூன்றும் இருந்தன. எனக்கு அது குறையாகப் படவே இல்லை. நானும் நெசவைத்தான் பார்த்திருந்தேன்.

பதினாலு முழம்

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனேன். இந்த முறை பழுப்புத் தாள் ஒரு சுருள், பென்சில், அளவு நாடா எல்லாம் எடுத்துக்கொண்டேன். அத்தையிடம் போய், “அந்தச் சேலையில என்னென்ன எங்கெங்க இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க அத்தை, வரைஞ்சு வச்சுக்கிறேன்” என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, “விரி” என்றார்.

அளந்தேன். கண்டாங்கி என்றால் பதினாறு முழம் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பதினாலு முழம்தான் வந்தது. இரண்டு முழம் எங்கே என்று கேட்பதற்குள் அத்தையே மூட்டுத் தையலில் கை வைத்தார். “இங்கதான் நைஞ்சு போச்சு. ரெண்டு முழத்தை வெட்டி எடுத்துட்டு ஆத்தா மூட்டுனா. ராத்திரி சிமினி வெளிச்சத்துல உக்காந்து தச்சா. அதான் கோணலா இருந்துச்சு.” இயந்திரத் தையல் இப்போது நூல் பிடித்தாற்போல நேராக ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னார். “மூட்டித் தச்சு பத்து நாள்கூடக் கட்டலத்தா. அய்யா போயிட்டாரு.”

மறுநாள் பிறந்த வீட்டுக் கோடி வந்தது. வெள்ளை. அன்றைக்கு அப்பத்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு அவள் மஞ்சள் தேய்த்துக் குளித்ததில்லை, அது அவளுக்கு விலக்கிய பொருளாகிவிட்டது. நான் கறை என்று நினைத்தது, தினம் மஞ்சள் பூசிக் குளித்த கழுத்தும் தோளும் ஈரத்தோடு சேலையில் ஒட்டிய தடம். பருத்தியில் மஞ்சள் பிடித்தால் லேசில் போகாது, சோப்புப் பட்டால் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் போட்டால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். இந்தச் சேலை வெயிலை அதிகம் பார்க்காமலே இருந்ததால் அது முப்பத்தாறு வருடம் அப்பத்தாவோடும், அவளுக்குப் பிறகும் இருந்தது. தாத்தா உயிரோடு இருந்தபோது அப்பத்தா எப்படி இருந்தாள் என்பதற்கு எங்கள் வீட்டில் புகைப்படம் கிடையாது. அவள் முகத்தில் மஞ்சள் இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தடம். சுத்தம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

இதை அத்தையிடம் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை. “எழுது” என்றார். தாளில் பதினாலு முழத்தைச் சுருக்கி ஒரு நீளக் கட்டம் போட்டேன். அத்தை சேலையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். மஞ்சள் இங்கிருந்து இதுவரை, ஒரு சாண் அகலம், கழுத்துப் பக்கம் கூடுதல். காசு முடிந்த மூலை இது. ஓரணா கால் ரூபாய்க்கு ஒரு முடிச்சு, சாவிக்கு அதே முனையில் இன்னொரு முடிச்சு. கீழ்க்கரையில் சேறு இந்தக் கோடுவரை. கொசுவம் இந்தப் பக்கம். இடுப்பில் தேய்ந்த இடத்தைக் குறித்து, குடம் வைத்தது என்று எழுதப் போனேன். “குடம் மட்டுமில்ல, உங்கப்பனையும் அந்த இடுப்புலதான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா, நாலு வயசுவரைக்கும்” என்றார் அத்தை. அதையும் எழுதினேன்.

எல்லாம் குறித்த பிறகு, பேருந்திலும் வீட்டிலும் இத்தனை மாதம் யோசித்து நான் வந்து சேர்ந்திருந்த முடிவை அத்தையிடம் சொன்னேன். மற்ற சேலையெல்லாம் கட்டிக் கட்டித் தீர்ந்துபோச்சு, இது மட்டும் தப்பித்தது ஏன் என்றால் அப்பத்தா வெள்ளைக்கு மாறிவிட்டாள், கட்டக் கூடாது என்று ஆகிவிட்டது, வெட்டவும் மனசு வரவில்லை, அதனால்தான் பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. கைம்பெண்ணுக்கு இருந்த விலக்குதான் இந்தத் துணியைக் காப்பாற்றியிருக்கிறது என்றேன். எனக்கு அது பொருத்தமாக இருந்தது, எழுதவும் தயாராக இருந்தேன்.

அத்தை தலையை ஆட்டினார். “அப்படி இல்லத்தா. மத்த ரெண்டு சேலையையும் அந்த மாசமே பங்காளி வீட்டுப் பொம்பளைகளுக்குக் குடுத்துட்டா. இதையும் கேட்டு வந்தாக. குடுக்கத்தான் எடுத்தா. நாந்தான் விடல.”

அப்போது அத்தைக்கு ஆறு வயது. அம்மாவின் முந்தானைக்குள் படுத்து, அதன் இழைக்குள் சுட்டுவிரலை விட்டுத் துளைத்துக்கொண்டே தூங்குவது பழக்கம். வெள்ளைச் சேலை வந்த முதல் நாள் இரவு அந்தத் துணி அவருக்குப் பிடிபடவில்லை. புதுக் கோடியின் மொடமொடப்பு, வேறு வாசனை. இரண்டு மூன்று இரவு அழுது ஊரைக் கூட்டியிருக்கிறார். அப்பத்தா பெட்டியைத் திறந்து இந்தச் சேலையை எடுத்து அவர் மேல் போர்த்தினாள். பிறகு தினமும் அதுதான். அத்தை பெரிய மனுஷி ஆகும்வரை அது அவருடைய போர்வை. பிறகுதான் பெட்டிக்குள் போனது.

“அது கங்கு பட்ட ஓட்டை இல்லத்தா. என் வெரலு.”

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஓட்டை இருந்த இடத்தைத் தேடினேன். இழையோட்டியவருக்குக் கை நல்ல கை. கட்டத்தின் கோடுகூடத் தப்பாமல், எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தார் என்று தெரியாதபடி மூடியிருந்தார். துணியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடிப்பக்கத்தில் நூலின் சின்னப் பிசிறு தெரிந்தது. கங்கு பட்ட ஓட்டையாக இருந்திருந்தால் விளிம்பு கருகி விறைத்திருக்கும். அன்றைக்கு இதை நான் தொட்டுப் பார்த்திருந்தால் இழை எரியாமல், ஒதுங்கி வட்டமாய் விலகி நின்றது தெரிந்திருக்கும். நான் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்துகொண்டு கொடுத்துவிட்டேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையல் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊசி முனையால் பிசிறைத் தூக்கி, ஒவ்வோர் இழையாக இழுத்து எடுத்தார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. கட்டில் மேல் அரக்கு நூல் துணுக்குகள் சேர்ந்தன. பிரித்து முடித்ததும் சேலையைக் கையில் சுற்றிக்கொண்டு சுட்டுவிரலை விட்டுப் பார்த்தார். முதல் கணுவோடு நின்றுவிட்டது. விரலை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுண்டுவிரலை விட்டார். அது போனது.